சோம்பேறித் தறியில் செய்த மயில்

என் வீட்டு இரும்புக் கதவின் கீழே எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு முதலில் ஒரு வேண்டுகோள். வைக்காதீர்கள். அந்த மயில் இப்போது இங்கே இல்லை. இருந்தபோதும் அது வணங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று; பழைய இரும்பைக் கொண்டு என் கையால் நான் செய்த ஓர் அலங்காரப் பொருள். திருத்தணியில் மயில் என்ற சொல் காதில் விழுந்தாலே கன்னத்தில் போட்டுக்கொள்கிற பழக்கம் உண்டென்பதை அறிவேன். ஆனாலும் கற்பூரப் புகையில் என் கதவின் வண்ணம் கருத்துவிட்டது.

நான் இயற்பியல் கற்பித்தவன். பணி ஓய்வு பெறும்வரை கல்லூரியில் துறைத்தலைவராக இருந்தேன். பேய், சகுனம், கண்ணேறு எதிலும் எனக்கு ஒருபோதும் நம்பிக்கை இருந்ததில்லை. தேர்வுக்கு வந்த மாணவன் ஒருவனின் மணிக்கட்டில் இருந்த மந்திரித்த கயிற்றைக் கழற்றச் சொல்லி, அவனுடைய தாயாரிடம் ஏச்சு வாங்கியவன். முருகன் மலைக்குப் போவதுண்டு, அது வேறு. இந்த ஊரில் என்னிடம் படித்தவர்கள் தெருவுக்கு நால்வராவது இருப்பார்கள். அவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற எண்ணத்தால்தான் இத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்தேன். ஆனால் நான் பேசாத இடத்தில் ஊர் பேசிக்கொண்டிருக்கிறது. அது பேசுவதில் பாதி பிழை. நீங்கள் நம்புங்கள், நம்பாமல் போங்கள். இதையே வேறொருவர் வந்து சொல்லியிருந்தால் நான் அவருடைய இரத்த அழுத்தத்தைப் பற்றித்தான் விசாரித்திருப்பேன்.

ஓய்வுக்குப் பிறகு வீட்டின் பின்புறம் ஒரு தகரக் கொட்டகை போட்டு, வெல்டிங் கருவி ஒன்றும் வாங்கி வைத்து, பழைய இரும்பில் அலங்காரப் பொருள்கள் செய்யத் தொடங்கினேன். சைக்கிள் சங்கிலியில் பாம்பு, தேய்ந்த ஸ்பானர்களில் தட்டான், பம்புசெட்டின் பல்சக்கரத்தில் விளக்குத் தாங்கி. எனக்கென்று ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்தப் பாகத்தையும் வெட்டவோ வளைக்கவோ வண்ணம் பூசி மறைக்கவோ மாட்டேன். அது எங்கே, என்ன வேலை செய்துகொண்டிருந்ததோ, அது பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். என் மனைவி வசந்தாவுக்கு இதில் பெரிய மரியாதை கிடையாது.

"ஊர்ல எல்லாரும் பழசக் கொண்டுபோய் காயலான் கடையில போடறாங்க. அங்கேருந்து வீட்டுக்கு வாங்கினு வரவர் நீங்க ஒருத்தர்தான்" என்பாள்.

அருகிலுள்ள கே.ஜி.கண்டிகையில் கோதண்டம் என்பவருடைய பழைய இரும்புக் கடைக்கு நான் வழக்கமாகப் போவேன். ஒருநாள் அங்கே பிரித்துப் போட்ட விசைத்தறி ஒன்று கிடந்தது. அதில் கைவிரல் நீளத்துக்கு, மூன்று பல் வைத்த சிறு முள் ஒன்று என் கண்ணில் பட்டது. நேராக நிமிர்த்திப் பிடித்தேன். மயிலின் கொண்டை. வேறெதுவாகவும் அதைப் பார்க்க முடியவில்லை. அந்த நொடியிலேயே மயிலின் மற்ற உறுப்புகளும் அந்தக் குவியலில் எனக்குத் தெரியத் தொடங்கிவிட்டன.

"பள்ளிப்பட்டு தறி சார் இது" என்றார் கோதண்டம். "இரும்பு நல்ல இரும்பு. குணம்தான் செரியில்ல. எப்ப தோணுதோ அப்ப நின்னுக்குமாம்."

தறியைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். குறுக்கே ஓடும் ஊடை நூல் அறுந்துவிட்டால் தறி உடனே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் துணி பாழ். நூல் இருக்கிறதா என்று ஒவ்வோர் ஓட்டத்திலும் தொட்டுப் பார்ப்பது இந்த முள்தான். நூல் இல்லையென்றால் இது ஆடும் விதம் மாறும். உடனே 'டக்' என்ற ஓசையோடு கைப்பிடி விலகித் தறி நின்றுவிடும். அந்த ஓசை கேட்டால் நெசவாளர் எங்கே இருந்தாலும் திரும்பிப் பார்ப்பார்.

தோகைக்கு மெல்லிய கம்பிகள் தேவைப்பட்டன. நெடுக்கே ஓடும் பாவு நூல்களைப் பிரித்து நிறுத்தும் அச்சு என்ற சட்டத்தில் அத்தகைய கம்பிகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். அச்சை மட்டும் தறிக்காரர் விற்காமல் வைத்துக்கொண்டார் என்று சொல்லி, கோதண்டம் அவருடைய தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். தறிக்காரர் பெயர் முனிரத்தினம். கிருத்திகைக்கு மலைக்கு வருவோம், அப்போது கொண்டுவந்து தருகிறேன் என்றார். சொன்னபடியே மகள் சுமதியை ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வந்தார். தறிச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகியவர்கள் அமைதியான அறையிலும் உரக்கத்தான் பேசுவார்கள் என்பதை அன்றுதான் கண்டேன்.

சுமதி பட்டம் முடித்துவிட்டு வீட்டிலேயே தறி ஓட்டுகிற பெண். வசந்தாவின் கண் போனது அவளுடைய பின்னலுக்கு; அது முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"இது முருகனுக்கு வேண்டிக்கின முடிம்மா" என்றார் முனிரத்தினம். "கொழந்தையா இருக்கசொல்ல காய்ச்சல் வந்து கெடந்தா, அப்ப வேண்டிக்கினேன். இப்ப குடுடின்னா குடுக்க மாட்டேன்றா."

"வேண்டிக்கினது நீதானே நைனா? நீ போட்டுக்கோ மொட்டை."

"எனக்கு இன்னா இருக்குது அங்க, போட?" என்று அவர் தம் வழுக்கையைத் தடவினார். வசந்தா அவ்வளவு சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது.

தோகையில்லாத மயில் முன்னறைச் சன்னலருகே ஒரு முக்காலியின்மேல் நின்றது. சுமதி அதைச் சுற்றிவந்து பார்த்தாள். பிறகு கொண்டையைக் கண்டதும் குனிந்தாள்.

"நைனா, நம்ம சோம்பேறி. தா பாரு, மயிலாயிட்டு நிக்குது."

அந்தத் தறிக்கு அவர்கள் வீட்டில் அதுதான் பெயராம்.

"பின்ன இன்னா சார்" என்றார் முனிரத்தினம் என்னிடம். "நூலு அறுந்தா நிக்கணும். இது அறுவாமயே நின்னுக்கும். மெக்கானிக்கு வந்து பாத்துட்டு ஒரு கோளாறும் இல்லன்ட்டான்."

"சும்மாலாம் நிக்காது சார்" என்றாள் அவள். "ஒருவாட்டி என் துப்பட்டா சக்கரத்தாண்ட போச்சு. டக்குனு நின்னுச்சு."

"ஆங், அது ஒருவாட்டி. மத்த நூறுவாட்டிக்கு இன்னா சொல்ற?"

அவள் விரலால் கொண்டையை மெல்ல அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. "இத ஏன் சார் ஒட்டிட்டீங்க? இது ஆடணுமே."

"அலங்காரப் பொருள்மா. ஆடினா உடைஞ்சிடும். அடியில நல்லா வெல்டிங் வச்சிருக்கேன்."

"ஆடாம எப்டி சார் நூலப் பாக்கும்?"

"இங்க நூல் எதுவும் இல்லையேம்மா" என்றேன். என் பதில் எனக்கு நிறைவாகவே இருந்தது.

அவர்கள் கொடுத்த அச்சிலிருந்து கம்பிகளைப் பிரித்துத் தோகை விரித்தேன். கடைசியாக நிறமற்ற வார்னிஷ் பூசினேன். பூசும்போது தூரிகையிலிருந்து ஒரு மயிரிழை உதிர்ந்து, கொண்டையும் தலையும் சேரும் வெல்டிங் தழும்பின்மேல் குறுக்காக ஒட்டிக்கொண்டது. வசந்தா சுட்டிக்காட்டினாள். காய்ந்ததும் சுரண்டிவிடலாம் என்றேன். பகல் வெளிச்சத்தில் என் கைப்பேசியில் ஒரு படமும் எடுத்தேன். கொண்டை நிமிர்ந்து, கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பது அதில் தெளிவாகத் தெரியும். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மயில் முடிந்த செய்தியைச் சொல்ல முனிரத்தினத்தை அழைத்தேன். மதிய உணவுக்குப் பிறகான நேரம். வசந்தா சமையலறையில் இருந்தாள். நான் முன்னறையில் சாய்வு நாற்காலியில் இருந்தேன். மயில் எனக்குப் பின்னால். மறுமுனையில் தறிகளின் இரைச்சல் காதை அடைத்தது.

"மயில் முடிஞ்சிடுச்சு முனிரத்தினம். ஒருநாள் வந்து பாருங்க."

"இன்னா சார்? சத்தம் சார். இருங்க, வெளிய வந்துகினே இருக்கேன்."

அப்போது எனக்குப் பின்னால் 'டக்' என்றது. இரும்பில் இரும்பு விழும் ஓசை. அதே கணத்தில் (இதை நான் மிகைப்படுத்தவில்லை, அந்த ஓசைக்கும் இதற்கும் இடையில் மூச்சு விடும் இடைவெளிகூட இல்லை) கைப்பேசியில் தறிகளின் இரைச்சல் முழுவதுமாக நின்றது. அழைப்பு துண்டிக்கப்பட்டது என்றே எண்ணினேன்.

"கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல சார், ஃபேனு ஓடுதே" என்று அவர் குரல் வந்தது. அமைதியில் அது வழக்கத்தைவிடப் பெரிதாகக் கேட்டது. செருப்பு தேய்த்து நடக்கும் ஒலி. "சுமதி? ஏன்மா எல்லாத்தையும் நிறுத்திட்ட? ஏய், சுமதி..."

அதற்குப் பிறகு கேட்டது அவர் குரல் என்று சொல்ல முடியாது. ஓர் அலறல். கைப்பேசி கீழே விழுந்து உருண்டது. பலர் ஓடிவரும் சத்தம், யாரோ ஒரு பெண் "கத்திரிய எடு, கத்திரிய எடு" என்று கத்துவது, பிறகு எதுவுமில்லை.

வசந்தா ஈரக்கையோடு வந்து, "என்னங்க விழுந்தது முன்ரூம்ல?" என்றாள். ஆக, அந்த ஓசையை அவளும் கேட்டிருக்கிறாள். ஒன்றும் விழவில்லை என்றேன். கேட்டதை அவளிடம் சொன்னேன். திரும்பத் திரும்ப அழைத்தோம், யாரும் எடுக்கவில்லை. "அந்தப் பொண்ணு தலைமுடி" என்று மட்டும் சொன்னாள் அவள். நான் காரை எடுத்தேன். பள்ளிப்பட்டுக்குக் கிளம்பினோம். சுழலும் சக்கரத்தில் முடி சிக்கினால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு உண்டு. அதை ஆண்டாண்டாகக் கரும்பலகையில் போட்டவன் நான். வழி முழுவதும் அந்தக் கணக்கு என் தலைக்குள் தானாக ஓடிக்கொண்டே இருந்தது, நிறுத்த முடியவில்லை.

அவர்கள் வீட்டு வாசலில் கூட்டம். காரைவிட்டு இறங்கி நடந்து, கூட்டத்தை நெருங்கியபோது உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"எவன்டா வெட்டினது? ஒரு பக்கம் தோள் வரைக்கும், ஒரு பக்கம் காது வரைக்கும். நான் எப்டிடா வெளிய போவேன்?"

சுமதி. யாரோ தள்ளிவிட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வசந்தா உள்ளே போய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதது கேட்டது. எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார்கள். அது எவ்வளவு சுவையாக இருந்தது என்பதை இன்றும் சொல்ல முடியும்.

நடந்தது இதுதான். ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடாக் கட்டை கீழே விழ, அதை எடுக்கக் குனிந்திருக்கிறாள். பின்னல் முன்னால் சரிந்து, தறியின் பக்கவாட்டில் சுழலும் பல்சக்கரத்தில் நுழைந்துவிட்டது. கத்தக்கூட நேரமில்லாமல் தலை சக்கரத்தை நோக்கிப் போயிருக்கிறது. கன்னம் பல்லைத் தொடும் நேரத்தில் தறி நின்றது. ஓடிவந்தவர்கள் முடியை வெட்டி அவளை விடுவித்தார்கள். மருத்துவர் பார்த்துவிட்டுப் போயிருந்தார்; கழுத்தில் சுளுக்கு, கன்னத்தில் ஒரு கீறல். வேறொன்றுமில்லை.

மனம் சற்று அடங்கியதும் தறிக்கூடத்துக்குள் போனேன். ஆராய்வது என் பழக்கம். மூன்று தறிகள். மூன்றுக்கும் தனித்தனி மோட்டார், தனித்தனி சுவிட்ச். மின்விசிறி அப்போதும் சுழன்றுகொண்டிருந்தது. மின்னழுத்தம் ஒரு கணம் தாழ்ந்திருக்கலாம் என்று நான் முதலில் நினைத்தேன்; நீங்களும் அதைத்தான் நினைப்பீர்கள். ஆனால் மின்னழுத்தம் தாழ்ந்தால் மோட்டார் நிற்குமே தவிர, கைப்பிடி நகராது. மூன்று தறிகளிலும் கைப்பிடி விலகி, நூல் அறுந்தால் எந்த இடத்தில் வந்து நிற்குமோ அந்த இடத்தில் இருந்தது.

"ஒண்ணுலயும் நூலு அறுல சார்" என்றார் முனிரத்தினம். அவர் முதல்முறையாகத் தாழ்ந்த குரலில் பேசினார். "மூணும் ஒரே டக்குல நின்னுச்சு."

"சத்தம் இதுங்கள்ல வரல நைனா" என்றாள் சுமதி, வாசற்படியில் நின்றபடி. கூடத்தின் மூலையில் ஒரு தறி நிற்கும் அளவுக்கு வெற்றிடம் இருந்தது. சிமெண்டுத் தரையில் போல்ட்டுகள் இருந்த குழிகள் மட்டும். அவள் கையை அங்கே நீட்டினாள். "அங்கேருந்து வந்துச்சு. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்."

நான் என் வீட்டில் கேட்ட ஓசையைப் பற்றி அவர்களிடம் சொல்லவில்லை.

விளக்கேற்றும் நேரத்தில் வீடு திரும்பினோம். வசந்தா விளக்கைப் போட்டாள். மயில் நான் வைத்த இடத்திலேயே நின்றது. கொண்டை மட்டும் முன்னால் சாய்ந்து, மூன்று பற்களும் அலகின்மேல் படிந்து கிடந்தது.

வெல்டிங் விட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். வெல்டிங் தழும்பு அப்படியே இருந்தது. விரிசல் இல்லை. வார்னிஷ் பளபளப்புக் குலையவில்லை. தூரிகையின் அந்த மயிரிழை, தழும்பின் குறுக்கே, தலையையும் கொண்டையையும் இணைத்தபடி, அறுபடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. கைப்பேசியை எடுத்துப் படத்தைப் பார்த்தேன். படத்தில் கொண்டை கூரையைப் பார்த்து நிற்கிறது. ஸ்பானரைப் பூட்டி அசைத்துப் பார்த்தேன். முக்காலியோடு மயில் நகர்ந்ததே தவிர கொண்டை இம்மியும் அசையவில்லை.

மறுநாள் என் பழைய மாணவனான பாஸ்கரை வரவழைத்தேன். வெல்டிங் பட்டறை நடத்துபவன். பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது சார். இப்டி சாஞ்ச மாதிரியேதானே ஒட்டினீங்க?" என்றான். படத்தைக் காட்டினேன். சற்று நேரம் பார்த்தான். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "மேடம் எப்டி சார் இருக்காங்க?" என்று கேட்டான். வசந்தா அவனுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்து அரை மணி ஆகியிருந்தது.

சுமதியின் வெட்டிய பின்னலை மலையில் காணிக்கையாகச் செலுத்தினார்கள். மிச்ச முடியையும் அங்கேயே ஒழுங்காக வெட்டிக்கொண்டாள். சத்தம் சோம்பேறித் தறி இருந்த மூலையிலிருந்து வந்ததாகச் சுமதி சொன்னது பரவி, வேண்டுதல் தள்ளிப்போனதால் முருகனே மயிலை அனுப்பி முடியை வாங்கிக்கொண்டான் என்பது ஊரில் உலவும் கதை. ஒரு பெண்ணின் கன்னத்தைச் சக்கரத்தருகே கொண்டுபோய்த்தான் முருகன் தன் காணிக்கையைப் பெறுவான் என்று சொல்பவர்களைவிட, மலைக்கு எப்போதாவது போகிற எனக்கு அவன்மேல் மரியாதை அதிகம்.

அந்த மயிலைத் தங்களுக்குத் தர முடியுமா என்று முனிரத்தினம் கேட்டபோது நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. விலைப் பேச்செடுத்தார், அதட்டிவிட்டேன். சாய்ந்த கொண்டையோடு அதை வசந்தாவின் பழைய புடவையில் நானே சுற்றிக் கட்டினேன். வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு உள்ளே வந்ததும் எனக்கு நன்றாகப் பசித்தது. பல நாள்களுக்குப் பிறகு அன்று மதியம் தூங்கினேன். தறி நின்றிருந்த வெற்றிடத்தில் அதை வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். இன்றுவரை போய்ப் பார்க்கவில்லை. பெண் பிழைத்தாள். அதற்குமேல் எனக்கு எதுவும் வேண்டியதில்லை.

இத்தோடு முடித்துவிடலாம். ஆனால் சென்ற மாதம் சுமதி தன் திருமணச் செய்தியைச் சொல்ல அழைத்தாள். பேச்சோடு பேச்சாக, மயில் எப்படி இருக்கிறது என்று கேட்டுவைத்தேன்.

"கொண்டைய தூக்கிகினு ஜம்முனு நிக்குது சார்" என்றாள்.

நான் கட்டி அனுப்பியபோது அது அலகின்மேல் சாய்ந்து கிடந்தது. வெகு இயல்பாகச் சொன்னாள். ஒருவேளை அவள் முதன்முதலில் பார்த்த தோற்றத்தை நினைவில் வைத்துச் சொல்கிறாளோ என்றும் எண்ணினேன். எப்படியானாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டியிருந்தது. காரணத்தைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"துரு பிடிக்கும்மா அது. தினம் காலையில தறி ஓட்டறதுக்கு முன்னாடி அந்தக் கொண்டைக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைச்சிடு. துடைக்கும்போது அது எங்கயாவது சாஞ்ச மாதிரி தெரிஞ்சா, அன்னிக்குத் தறிய ஓட்டாதே. எனக்குப் போன் பண்ணு."

மறுமுனையில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"சார்" என்றாள் பிறகு. "நீங்களும் பாத்தீங்களா?"

"எதைம்மா?"

"ஒண்ணுமில்ல சார்" என்றாள். "எண்ணெய் போட்டுடறேன்."